நகையை யார் மீட்பது?

சூதாடி ஒருவன் திருந்தி மீள்வதைச் சொல்லும் படங்களைப் பல ஆண்டுகளாகத் தேடித் தேடிப் பார்த்து வந்திருக்கிறேன். பெரிய ஸ்டூடியோக்களின் படங்களை அல்ல. குறைந்த செலவில் எடுக்கப்பட்டு, திரைப்பட விழாக்களில் காட்டப்பட்டு, மனித மனத்தின் ஆழத்தைத் தொட்டவை என்று பாராட்டப்படுகிற சுயாதீனப் படங்களை. இந்தக் கட்டுரை அவற்றுக்கு எதிரானது. அவை மோசமான படங்கள் என்பதால் அல்ல. பெரும்பாலும் நல்ல படங்கள். நல்ல படங்கள் சொல்லும் பொய்யைத்தான் நாம் எளிதில் நம்பிவிடுகிறோம்.

2015இல் வந்த ‘மிஸிஸிப்பி கிரைண்ட்’ படத்தில் ஒரு காட்சி. அன்னா போடன், ரயன் ஃப்ளெக் இருவரும் எழுதி இயக்கிய படம். அயோவா மாநிலத்தின் டுபியூக் நகரில் வீடு விற்கும் தரகன் ஜெர்ரி. ஊரெல்லாம் கடன். போக்கர் மேசையில் அறிமுகமான கர்ட்டிஸ் என்பவனோடு, மிஸிஸிப்பி நதியை ஒட்டி நியூ ஆர்லியன்ஸ் வரை சூதாடிக்கொண்டே காரில் போகிறான். வழியில் லிட்டில் ராக் நகரில் முன்னாள் மனைவி டோரதியின் வீட்டுக்குப் போகிறான். பல ஆண்டுகளாகப் பார்க்காத மகளைப் பற்றிப் பேசுகிறான். வருந்துகிறான். அந்த வருத்தம் உண்மையானது என்று நாமும் நம்புகிறோம். சற்று நேரத்தில் அவள் காலுறைகள் வைத்திருக்கும் இழுப்பறையைத் திறந்து பணம் தேடுகிறான். அவள் பார்த்துவிடுகிறாள்.

இந்தப் படத்தை என் அம்மாவோடு உட்கார்ந்து பார்த்தேன். வசனங்களை நான் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். அந்தக் காட்சி வந்ததும் அம்மா சிரித்துவிட்டாள்.

“காலுறைக்குள்ளயா வெச்சிருந்தா? மொதல்ல அங்கதானடி கை வைப்பாங்க.”

அம்மா தன் பணத்தை எங்கே வைத்திருந்தாள் என்று அன்றுதான் சொன்னாள். மாதவிடாய்த் துணிகளைச் சுருட்டி வைக்கும் மஞ்சள் பையில். அந்த வீட்டில் அப்பா தொடாத பை அது ஒன்றுதான். அரிசிப் பானை, சாமி படத்தின் பின்புறம், தலையணை உறை எல்லாவற்றையும் அவர் துழாவியிருக்கிறார். தீட்டுக்குப் பயந்து அந்தப் பையை மட்டும் தொட்டதில்லை. நம்மை ஒதுக்கி வைத்த ஒரு கற்பிதத்தை அம்மா வங்கி லாக்கராக மாற்றியிருக்கிறாள். எந்தத் திரைக்கதை ஆசிரியனுக்கும் இது தோன்றாது. அவன் இழுப்பறையைத் திறப்பவனோடு வந்தவன், மூடி வைத்தவளோடு இருந்தவன் அல்ல.

அப்பா டவுனில் இருந்த மனமகிழ் மன்றத்தில் ரம்மி ஆடியவர். நான் ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது விட்டார். மாலை போட்டு மலைக்குப் போய்விட்டு வந்தவர் அதன்பின் சீட்டைத் தொடவே இல்லை. அது பெரிய காரியம்தான், மறுக்கவில்லை. சொந்தக்காரர்கள் இன்றைக்கும் அதைக் கதையாகச் சொல்கிறார்கள். “மனுஷன் எப்படித் திருந்திட்டான் பாரு.” ஆனால் அந்த ஆண்டு அடகுக் கடையில் இருந்த அம்மாவின் ஆறு பவுன் ரெட்டைவடச் சங்கிலி மூழ்கிப்போனது. அதற்கு இரண்டு ஆண்டுகள் ஜாக்கெட் தைத்து வட்டி கட்டியவள் அவள். அசலைக் கட்ட முடியவில்லை. அந்தச் சங்கிலியைப் பற்றி யாரிடமும் கதை இல்லை.

மீட்பு என்ற சொல்லை யோசித்துப் பாருங்கள். தேவாலயத்தில் அது ஆன்மாவைக் குறிக்கும். திரைப்பட விமர்சனத்தில் நாயகனின் மனமாற்றத்தைக் குறிக்கும். நம் வீடுகளில் பெண்கள் பேசும்போது அது நகையைக் குறிக்கும். “நகைய மீட்டாச்சா?” என்று கேட்டால் அசலும் வட்டியும் கட்டி, சீட்டைக் கொடுத்து, பொருளைக் கையில் வாங்கிவிட்டாயா என்று பொருள். பொருள் கைக்கு வராமல் மீட்பு இல்லை. இந்த அளவுகோலை வைத்துத்தான் நான் இந்தப் படங்களைப் பார்க்கிறேன். அவன் மீண்டான், சரி. எதைக் கட்டி மீண்டான்? யார் கட்டியது?

ஜெர்ரியின் பயணம் எப்படி முடிகிறது? நியூ ஆர்லியன்ஸில் இருவரும் பெரும் பணம் ஜெயிக்கிறார்கள். இரண்டு ஆண்டுகள் கழித்து வந்த ‘வின் இட் ஆல்’ படத்தையும் எடுத்துக்கொள்வோம். ஜோ ஸ்வான்பர்க் இயக்கியது. சிகாகோவில் எடி என்பவனிடம் சிறைக்குப் போகும் ஒருவன் ஒரு பையை ஒப்படைத்துவிட்டுப் போகிறான். உள்ளே பணம். எடி அதை எடுத்து ஆடித் தோற்கிறான். இதற்கிடையே ஈவா என்ற செவிலியரைக் காதலிக்கிறான். தனியாக ஒரு மகளை வளர்ப்பவள் அவள். எடி திருந்த முயல்கிறான், அண்ணனின் தோட்டப் பராமரிப்புத் தொழிலில் வேலைக்குச் சேர்கிறான். அன்பும் நகைச்சுவையும் நிறைந்த படம். ஆனால் கடைசியில் அவனைக் காப்பாற்றுவது என்ன? இன்னொரு ஆட்டம். அதில் ஜெயித்து, தோற்ற பணத்தை ஈடுகட்டிவிடுகிறான்.

இதைத்தான் பொய் என்கிறேன். இன்னும் ஒரே ஒரு ஆட்டம், அதோடு எல்லாவற்றையும் அடைத்துவிட்டு எழுந்துவிடுவேன் என்பதுதான் ஒவ்வொரு சூதாடியும் வீட்டில் சொல்லும் வாக்கியம். அந்த வாக்கியத்தின் பெயரில்தான் தாலிக்கொடி தவிர மற்றதெல்லாம் போகிறது. நோயின் அறிகுறியையே திரைக்கதை மருந்தாக எழுதித் தருகிறது. குடிநோயாளி பற்றிய படத்தில் கடைசிக் குவளையைக் குடித்ததும் ஈரல் சரியாகிவிட்டது என்று காட்டினால் கைகொட்டிச் சிரிப்போம். சூதாட்டப் படத்தில் அதையே காட்டினால் கண்கலங்குகிறோம்.

அந்தக் கடைசி ஆட்டத்துக்கான பணம் எங்கிருந்து வருகிறது என்பதிலும் ஒரு வழக்கம் இருக்கிறது. 1974இல் காரல் ரைஸ் இயக்கிய ‘தி கேம்ப்ளர்’ படத்தில் நாயகன் நியூயார்க்கில் இலக்கியப் பேராசிரியன். 44,000 டாலர் கடன். அவனுடைய தாய் ஒரு மருத்துவர். வங்கியில் இருந்து பணத்தை எடுத்து மகனுக்குத் தருகிறாள். அவன் கடனை அடைக்காமல் அதையும் சூதில் வைக்கிறான். தாயின் கையில் இருந்து பணம் போன பிறகு கேமரா தாயிடம் தங்குவதில்லை, பணத்தோடு போகிறது. அடியாட்கள் தேடி வருகிற கடன் மட்டுமே இந்தப் படங்களில் கடன். அடியாள் வைத்துக்கொள்ளாதவள் கொடுத்தது பாசம். எனவே கணக்கில் வராது.

இந்தப் படங்களில் நேர்மையான ஒன்றைச் சொல்லாவிட்டால் நான் நியாயமற்றவளாவேன். 2003இல் ரிச்சர்ட் க்வியட்னியோவ்ஸ்கி இயக்கிய ‘ஓனிங் மஹோனி’. 1980களின் தொடக்கத்தில் டொராண்டோவில் வங்கிப் பணம் ஒரு கோடி டாலருக்கு மேல் கையாடிச் சூதாடிய ஊழியரின் உண்மைக் கதையை ஒட்டியது. ஃபிலிப் சீமோர் ஹாஃப்மன் நடித்த மஹோனிக்குப் பணத்தால் வாழத் தெரியாது. சூதாட்ட விடுதி எதை வேண்டுமானாலும் இலவசமாகத் தருகிறேன் என்று காத்து நிற்கும்போது அவன் கேட்பது மசாலாச் சாறு ஊற்றாத விலா இறைச்சியும் ஒரு கோக்கும். விடுதியின் மேலாளராக வரும் ஜான் ஹர்ட், ஒரு வேட்டைக்காரனின் பொறுமையோடு அவனைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். கடைசியில் சிகிச்சையாளர் கேட்கிறார்: சூதாட்டம் தந்த கிளர்ச்சிக்கு நூற்றுக்கு எத்தனை மதிப்பெண்? நூறு. சூதாட்டத்துக்கு வெளியே கிடைத்த அதிகபட்சக் கிளர்ச்சிக்கு? இருபது. மிச்ச வாழ்நாளை இருபதோடு வாழ முடியுமா?

அருமையான கேள்வி. ஆனால் அந்த இருபதின் பெயர் பெலிண்டா. அதே வங்கியில் வேலை பார்க்கும் அவனுடைய காதலி. சேர்ந்து பொழுதைக் கழிக்கலாம் என்று நம்பி லாஸ் வேகாஸுக்கு அவனோடு வந்து, விடுதி அறையில் தனியாகக் கிடப்பவள். அவளிடம் யாரும் மதிப்பெண் கேட்கவில்லை. காத்திருந்த இரவுகளுக்கு எத்தனை, அவன் எங்கே என்று அறைக்கு வெளியே தேடிய அவமானத்துக்கு எத்தனை, இனி அவனை நம்பி வாழப்போகும் நாட்களுக்கு எத்தனை? அவனுடைய வாழ்க்கை இருபதாகக் குறைந்ததை நினைத்து நாம் வருந்துகிறோம். அவளுடைய எண் நமக்குத் தெரியவே தெரியாது.

இந்தக் கதைமரபின் மூதாதை யார் என்று தேடிப் போனால் ஒரு மேசைக்கு முன்னால் போய் நிற்போம். 1866 அக்டோபர், பீட்டர்ஸ்பர்க். பதிப்பாளரிடம் மாட்டிக்கொண்ட தஸ்தயேவ்ஸ்கி ஒரு நாவலை அவசரமாகச் சொல்லச் சொல்ல, இருபது வயது அன்னா ஸ்னித்கினா சுருக்கெழுத்தில் எழுதுகிறாள். 26 நாட்களில் முடிந்த அந்த நாவல் ‘சூதாடி’. அடுத்த ஆண்டு திருமணம். படம் எடுக்கத் தோதாக இருப்பது அந்த 26 நாட்கள்தான். 1981இல் சோவியத் யூனியனில் அலெக்சாண்டர் ஜார்க்கி அதைப் படமாகவும் எடுத்தார்.

அதற்குப் பிறகு என்ன நடந்தது? 1867 கோடையில் பாடன்-பாடன் நகரில், வயிற்றில் முதல் குழந்தையோடு அன்னா ஒரு வாடகை அறையில் உட்கார்ந்திருக்கிறாள். அவர் ரூலட் மேசையில். அவர் பரிசாகத் தந்த தோடும் மார்பணியும் அடகுக்குப் போகின்றன. திருமண மோதிரங்கள் போகின்றன. அவளுடைய உடைகள் போகின்றன. அவர் மண்டியிட்டு அழுகிறார், மறுபடி பணம் கேட்கிறார், அவள் எண்ணிக் கொடுக்கிறாள். அவர் படிக்க முடியாத சுருக்கெழுத்தில் அவள் அந்த நாட்களின் நாட்குறிப்பை எழுதி வைத்தாள். அதைப் படித்தபோது எனக்கு அம்மாவின் மஞ்சள் பைதான் நினைவுக்கு வந்தது.

1871இல் வீஸ்பாடன் நகரில் கடைசியாகத் தோற்றார். இனி ஆட மாட்டேன் என்று மனைவிக்குக் கடிதம் எழுதினார். உண்மையிலேயே பிறகு ஆடவில்லை. இலக்கிய உலகம் இதை ஒரு மேதையின் ஆன்மிக விடுதலையாகப் பேசுகிறது. அந்தக் கடைசி ஆட்டத்துக்கும் பணம் கொடுத்து அனுப்பியவள் அன்னா. ரஷ்யாவுக்குத் திரும்பியதும் வாசலில் நின்ற கடன் கொடுத்தவர்களோடு தவணை பேசியவள் அன்னா. அவருடைய இறந்துபோன அண்ணனின் பத்திரிகைக் கடனும் அதில் சேர்ந்திருந்தது. 1873இல் ‘பிசாசுகள்’ நாவலைத் தாங்களே அச்சிட்டு வீட்டில் இருந்தே விற்கலாம் என்று இறங்கி, கணக்கெழுதி, கட்டு கட்டி, ரஷ்யாவின் முதல் பெண் பதிப்பாளர்களில் ஒருத்தியானவளும் அவள்தான். அவர் சூதை விட்டது ஒரு நாளில் நடந்தது. அவள் கணக்கை நேர் செய்ய ஆண்டுக்கணக்கில் ஆனது. ஒரு நாளை மீட்சி என்கிறோம். அந்த ஆண்டுகளைப் பொறுமை என்று சொல்லி முடித்துவிடுகிறோம்.

இங்கே எழும் மறுப்பு எனக்குத் தெரியும். வகுப்பறைகளில் மாணவிகளே கேட்டிருக்கிறார்கள்: “சூதாட்ட அடிமைத்தனம் ஒரு நோய்தானே மேடம்? நோயாளிமீது ஏன் இத்தனை கோபம்?”

நோய்தான். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013இல் அதைப் போதை அடிமைத்தனங்களின் வரிசையில் சேர்த்தது. அது ஒழுக்கக் கேடு அல்ல என்பதை நான் முழுமையாக ஏற்கிறேன். நோயைப் பரப்புகிறவர்கள் இருக்கிறார்கள் என்பதையும் சேர்த்தே ஏற்கிறேன். லாஸ் வேகாஸின் சூதாட்ட எந்திரங்களைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த நடாஷா டவ் ஷூல் என்ற மானுடவியலாளர் 2012இல் வெளியிட்ட நூலில், ஆடுபவர் எழுந்துவிடாதபடி நாற்காலி முதல் ஒலிவரை எப்படித் திட்டமிட்டு வடிவமைக்கப்படுகின்றன என்று காட்டினார். என் கோபம் நோயாளிமீது அல்ல. நோயைப் பற்றிச் சொல்லும்போது நோயாளியின் முகத்தை மட்டும் அண்மைக் காட்சியில் வைக்கிற கதைசொல்லலின் மீது.

நோய் என்றால் சிகிச்சை எப்படி இருக்கும் என்று பார்ப்போம். 1957இல் லாஸ் ஏஞ்சலஸில் தொடங்கிய கேம்ப்ளர்ஸ் அனானிமஸ் அமைப்பில் ஒரு நடைமுறை இருக்கிறது. ஆட்டத்தை விட்டுச் சில காலம் ஆனவரை, மனைவியோ கணவனோ உடனிருக்க, மூத்த உறுப்பினர்கள் சிலர் உட்கார வைக்கிறார்கள். யார் யாருக்கு எவ்வளவு தர வேண்டும் என்று ஒன்றுவிடாமல் எழுத வேண்டும். வருமானம் எவ்வளவு, வாடகை எவ்வளவு, பிள்ளைகளின் செலவு எவ்வளவு, மிச்சத்தில் ஒவ்வொருவருக்கும் மாதம் எவ்வளவு. மறைத்து வைத்த கடன் ஒவ்வொன்றாக மேசைக்கு வரும். மனைவி முதல்முறையாக முழுத் தொகையைக் கேட்பாள். அந்த அமைப்பின் பன்னிரண்டு படிகளிலும், தன்னால் பாதிக்கப்பட்டவர்களின் பட்டியலை எழுதி அவர்களுக்கு ஈடு செய்வது ஒரு பகுதி.

இதுதான் நிஜமான மீட்சி. சலிப்பூட்டும் கூட்டல் கழித்தல். நதி இல்லை, பியானோ இல்லை, விடியற்காலை நெடுஞ்சாலை இல்லை. ஒரு குழல்விளக்கும் ஒரு கணக்கு நோட்டும் அதை நிமிர்ந்து பார்க்கும் ஒரு பெண்ணும்தான். அந்தக் காட்சியை எடுக்கத் துணிந்த படம் ஒன்றைத்தான் நான் இத்தனை ஆண்டுகளாகத் தேடுகிறேன்.

சூதாடுவது பெண்ணாக இருந்தால்? 1963இல் ஜாக் தெமி எடுத்த ‘பே ஆஃப் ஏஞ்சல்ஸ்’ படத்தில் ழான் மொரோ நடித்த ஜாக்கி அப்படிப்பட்டவள். சூதால் திருமணத்தையும் மகனையும் இழந்தவள். அற்புதமான பாத்திரம். ஆனால் அவளுக்குப் படம் காட்டும் வெளிவாசல் ஒன்றே ஒன்று: சூதாட்டக் கூடத்தைவிட்டுப் போகும் ஆணின் பின்னால் ஓடுவது. ஆண் சூதாடியை மீட்க ஒரு பெண் வேண்டும். பெண் சூதாடியை மீட்கவும் ஓர் ஆண் வேண்டும். அவளுக்காக வாட்ச்சை அடகு வைத்து வீட்டில் காத்திருக்கும் கணவனைத் திரை இன்னும் கற்பனை செய்யவில்லை போலும்.

நமக்கு இது புதிய கதை அல்ல. வடமாவட்டங்களில் திரௌபதி அம்மன் திருவிழாவில் ‘பகடை துகில்’ கூத்தை விடிய விடியப் பார்த்தவர்களுக்குத் தெரியும். துகிலுரிதலை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறோம். அதற்கு முன் அவள் கேட்ட கேள்வியையும் நினைவில் வைத்திருக்கிறோம்: தன்னை முதலில் தோற்றாரா, என்னை முதலில் தோற்றாரா? தன்னையே தோற்றவனுக்கு என்னை வைக்க என்ன உரிமை? நாம் மறந்துவிடுவது அதற்குப் பின் நடந்ததை. திருதராஷ்டிரன் வரம் தருகிறான். அவள் முதல் வரத்தில் தருமனை மீட்கிறாள். இரண்டாவதில் மற்ற நால்வரையும் ஆயுதங்களோடு மீட்கிறாள். மூன்றாவது வரம் வேண்டாம் என்கிறாள். ஐந்து ஆண்களையும் அடிமைத்தனத்திலிருந்து மீட்டவள் அவள். அப்படி மீட்கப்பட்ட தருமன் என்ன செய்தான்? மறுபடி கூப்பிட்டதும் போய் உட்கார்ந்து ஆடினான். பன்னிரண்டு ஆண்டு வனவாசம், ஓராண்டு மறைவு வாழ்க்கை. அந்தக் காட்டுக்கு அவளும் நடந்தாள். ஆனாலும் தருமன் தருமனாகவே இருக்கிறான். சபதம் போட்டவள் கோபக்காரி ஆனாள்.

இன்று பகடை கைப்பேசிக்குள் வந்துவிட்டது. தமிழ்நாடு 2022இல் இணையச் சூதாட்டத் தடைச் சட்டத்தை நிறைவேற்றியது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், ரம்மியும் போக்கரும் திறமைக்கான ஆட்டங்கள், அவற்றுக்கு அந்தத் தடை செல்லாது என்றது. 2025 ஆகஸ்டில் ஒன்றிய அரசு, பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளை மொத்தமாகத் தடை செய்யும் சட்டத்தைக் கொண்டுவந்தது. இத்தனை ஆண்டு விவாதமும் ஒரே கேள்வியைச் சுற்றியது: இது திறமையா, அதிர்ஷ்டமா? அடகுக் கடையில் நிற்பவளுக்கு அந்த வேறுபாடு எதற்கு? திறமையால் தோற்றாலும் அதிர்ஷ்டத்தால் தோற்றாலும் ஒரு கிராமுக்கு அதே விலைதான். அவள் பெயரில் உள்ள கடனை, அவள் நகைமீது அவள் கையெழுத்து இல்லாமல் வாங்கிய பணத்தை யார் திருப்பித் தருவது என்ற கேள்வி அந்த விவாதத்தின் நடுவுக்கு வரவே இல்லை.

அடுத்த முறை இப்படிப்பட்ட படத்துக்குப் போகும்போது, தோழிகளே, ஒரு தாளும் பேனாவும் எடுத்துப் போங்கள். அவன் யார் யாரிடம் வாங்கினான் என்று எழுதுங்கள். படம் முடியும்போது எந்தப் பெயருக்கு நேரே அடைக்கப்பட்டது என்று போட முடிகிறது என்று பாருங்கள். அடியாள் வைத்திருந்தவர்களுக்கெல்லாம் போட்டுவிடலாம். தாய், மனைவி, முன்னாள் மனைவி, காதலி என்ற இடத்தில் தாள் வெறுமையாக இருக்கும். அந்த வெறுமைதான் அவனுடைய மீட்சிக்கான செலவு. அதைக் கட்டியவர்களுக்குக் கண்ணீர் வேண்டாம், பாராட்டும் வேண்டாம். ரசீது வேண்டும்.

அன்று ‘மிஸிஸிப்பி கிரைண்ட்’ முடிந்து திரை இருண்டதும் அம்மாவிடம் படம் எப்படி என்று கேட்டேன். “நல்லாத்தான் இருக்கு” என்றாள். பிறகு காபி டம்ளரை எடுத்துக்கொண்டு எழுந்தவள் நின்று கேட்டாள்:

“இவ்வளவு ஜெயிச்சானே, அந்தப் பொண்ணுக்கு ஏதாச்சும் கொடுத்தானா?”

என்னிடம் பதில் இல்லை. அப்பா பக்கத்து அறையில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். காதில் விழுந்திருக்கும். தாள் புரளும் சத்தம் மட்டும் சற்று நேரம் கேட்கவில்லை.